வடக்கத்திப் பிள்ளை

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான் கைஷான்.

"நான் சாப்பிட்டாச்சுடா கல்லு. நீ என்ன சாப்பிட்டே?" என்றாள் ஜியாங் அம்மா, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஜினான் நகரத்திலிருந்து.

அன்று குளிர்காலத் திருநாள். மதியச் சாப்பாட்டு வேளை.

"பாகு உருண்டைம்மா. ரெண்டு கிண்ணம் உள்ள போயிருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பாகு உருண்டை தெற்கத்தி ஆட்கள் சாப்பிடுவது. வடக்கே இந்த நாளில் கறிக் கொழுக்கட்டைதான். அதைச் சாப்பிடாதவனுக்குக் குளிரில் காது உதிர்ந்துவிடும் என்பார்கள். கல்லு வடக்கத்திப் பிள்ளை. கைஷான் தெற்கே குய்யாங்கில், மலைக்காட்டில் பிறந்தவன்.

கல்லு பாலத்து வேலையில் சாரம் சரிந்து செத்து நாலு வருஷமாகிறது. அவன் குரலையும் நினைவையும் மெஷினில் ஏற்றிப் பேச வைக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. மெஷின் என்று தெரிந்துதான் அம்மாவும் மூணு வருஷமாக மதியம் தவறாமல் கூப்பிட்டாள்.

உண்மையில் மெஷினுக்கு அந்த வேலை வரவில்லை. அழுகிறவர்களிடம் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் கம்பெனி ஒரு கூடத்தில் கைஷானையும் சேர்த்துப் பதினாறு பேரை உட்கார வைத்தது. இவர்கள் பேசுவது, செத்தவர்களின் குரலாக மாறி அந்தப் பக்கம் போகும். 'நீ மெஷின். இருமாதே, தும்மாதே' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

கைஷான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். போன வருஷம் இதே நாளில், கொழுக்கட்டை சாப்பிடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொன்னதற்கே அவள் கால் மணி நேரம் திட்டினாள்.

"நல்லது கண்ணு. வயிறு நெறையச் சாப்பிடு," என்றாள் ஜியாங் அம்மா. லைன் நின்றது.

அவள் கொஞ்ச நாளாகவே யாரையும் திட்டுவதில்லை. வயசு ஏறினால் கோபம் இறங்கிவிடும்போல.

பக்கத்து நாற்காலி மெங்லான் சிரித்தாள். "வடக்கத்தி வீட்டுக்குப் பாகு உருண்டையா? உன் காது இருக்கான்னு தொட்டுப் பாருய்யா."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சா என்ன, உனக்கு வேலை போகும். வேற என்ன?"

வேலை போவது இருக்கட்டும். இத்தனை நாளும் எவனோ ஒருத்தனைக் கொஞ்சினோம் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்தால், பெற்ற பிள்ளையை இன்னொரு தடவை பறிகொடுத்ததுபோல் ஆகிவிடுமே. அதுதான் அவனை அறுத்தது.

அவனுக்கும் அந்த லைன் வேண்டியிருந்தது. போன மழைக்காலத்தில் அவனுடைய சொந்த அம்மா செத்த நேரத்தில் அவன் இங்கே உட்கார்ந்து வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வர வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்; சேதி அவனுக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு, சாப்பிட்டியா என்று அவனைக் கேட்க இருந்தது இந்த ஜியாங் அம்மா மட்டும்தான்.

அரை மணியில் அதே லைனில் விளக்கு மின்னியது. வேறு பெண் குரல்.

"நான் ஜியாங் வீட்டுப் பொண்ணு பேசறேன். கல்லுவோட அக்கா. இந்த லைனை இன்னியோட நிறுத்திடுங்க."

கைஷான் குரல் மாற்றும் பொத்தானை அணைத்தான். மெங்லான் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான்.

"அக்கா, தப்பு என்னோடது. பாகு உருண்டைன்னு வாய் தவறிட்டேன். நான் மெஷின் இல்லக்கா, ஆளு. கைஷான்னு பேரு. வேலையை விட்டுப் போயிடறேன். உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."

"ஆளா?" என்றாள் அவள். "மூணு வருஷமும் நீங்கதானா?"

"ஆமாக்கா. தினம் நான்தான்."

அவள் அழுவது கேட்டது. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று கைஷானுக்குத் தெரியும். இருந்தான்.

"அம்மா போயி எட்டு மாசமாச்சு," என்றாள். "'நான் கூப்பிடலைன்னா கல்லு காத்துக்கிட்டே கெடப்பான்'னு, படுக்கையில இருந்தே தன் குரலை எல்லாம் பதிய வெச்சுட்டுப் போனாங்க. தினம் மதியம் அதுவா உங்களைக் கூப்பிட்டுப் பேசற மாதிரி. வருஷப் பணம் இன்னியோட முடியுது, அதான் நிறுத்தச் சொன்னேன்."

கைஷான் தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"எட்டு மாசமா உங்ககிட்டப் பேசினதுதான் தம்பி, மெஷின்."