விட்மரின் மகள்

யாக்கோப் விட்மர் இந்த விளையாட்டு நீராவி எஞ்சினைத் தன் மகளுக்காகவே செய்தார் என்று என் முதலாளி ஸ்டுக்கி மைக்கில் உருகிக்கொண்டிருந்தான்.

லாங்கன்தால் ஊர் மண்டபத்தில் ஏலம் கேட்க வந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். நூற்றைம்பது வருடப் பழைய எஞ்சினாம். மேசை நடுவே பளபளத்தது.

விட்மர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அந்த எஞ்சினைப் போன குளிர்காலத்தில் ஸ்டுக்கியின் பட்டறையில் கடைந்து ஒட்டியவன் நான்.

அந்தப் பொய்யைக்கூடப் பொறுத்திருப்பேன்.

விட்மரின் மகளுக்குக் காய்ச்சலாம். இது நாளைக்கு ஓடுமா என்று தகப்பனிடம் கேட்டாளாம். விடிவதற்குள் போய்விட்டாளாம். ஸ்டுக்கி கண்ணைத் துடைத்தான்.

வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி செல்வராணி கேத்தலை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“இஞ்சேருங்கோ, இது எங்கட பிள்ளையின்ர கதையெல்லே?”

“ஓம். கொஞ்சம் பொறும்.”

பிள்ளைகள் இல்லையா என்று ஸ்டுக்கி ஒருநாள் பட்டறையில் தேநீர் நேரத்தில் கேட்டான். மனிதன் என்று நம்பி, வன்னியில் தகரப் பேணியில் மகளுக்கு நான் செய்த ரயிலைப் பற்றியும் காய்ச்சலில் போன அவளைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன். போன கிழமை இந்தப் பேச்சை என் முன்னாலேயே நின்று பழகிப் பார்த்தான். யாருடைய கதை என்பதையே மறந்திருந்தான்.

அவன் குடி முழுகவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பழைய எஞ்சினை யாரும் மூட்டுவதில்லை, கரி பிடித்தால் மதிப்புப் போய்விடும். மூட்டிக் காட்டுங்கள், சனம் மயங்கிவிடும் என்று அவனுக்கு ஓதியவனும் நான்தான். புகழ் என்றால் அவனுக்குத் தலைகால் தெரியாது.

இப்போது ஸ்டுக்கி எஞ்சினின் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தான். தண்ணீர் கொதித்தது. சக்கரம் சுற்றத் தொடங்க, எல்லோரும் கைதட்டினார்கள்.

கொதிகலனின் நெற்றியில் விட்மரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. அதைக் கழற்றி, கொதிநீர்ச் சூட்டுக்கே இளகிவிடும் ஈயக் கலவையால் நான் திரும்ப ஒட்டியிருந்தேன்.

தகடு மெல்லச் சரிந்து மேசையில் விழுந்தது.

கைதட்டல் நின்றது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, தகடு இருந்த இடத்தில் இது என்ன எழுத்து என்று கேட்டார். ஸ்டுக்கி என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும்.

செல்வராணி சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். பிள்ளை போனபின் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லாத பெயரை அவ்வளவு பேருக்கும் கேட்க வாசித்தாள்.

“ஆரணி.”