வெளியே போகாத ஒயர்

அணு உலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் எடுத்தால் ஆபத்தில்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "இன்னைக்காவது போட்டுட்டு சீக்கிரம் வாங்க, டாக்டர்கிட்ட போகணும்" என்றாள் மனைவி. அவளுக்கு இது ஏழாவது மாதம்.

கட்டுப்பாட்டு அறையைப் போலவே அமைத்த பயிற்சி அறையில், மின்சாரத்தைக் கூட்டினால் வரக்கூடிய ஒரு விபத்தைப் பொய்யாக நடத்திக் காட்டினார்கள். அங்குள்ள போனின் ஒயர் அந்த அறையைத் தாண்டாது. யாரைக் கூப்பிட்டாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பயிற்சியாளர்தான் எடுப்பார். தீயணைப்பு நிலையமும் அவரே, ஆஸ்பத்திரியும் அவரே. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாகக் குரலை மாற்றினால் நமக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

திரையில் உலையின் அழுத்தம் ஏறியது. ஷிப்ட் பொறுப்பாளர் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளைங்கள எல்லாம் பஸ்ல ஏத்தியாச்சு சார்" என்றது ஒரு பெண்குரல். "ஒரு பொண்ணு மட்டும் வர மாட்டேங்குறா."

"அண்ணன் இன்னைக்கு அசத்துறாரு" என்று பொறுப்பாளர் சிரித்தார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பயிற்சியாளர் ரிசீவரைத் தொடவே இல்லை. டீ கிளாஸோடு எங்களைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார்.

போன் பக்கம் குனிந்தேன். கையெழுத்துப் போடாத தாள் என் மடியில் இருந்தது.

"ஏன் வர மாட்டேங்குறா?"

"எங்கப்பா பார்த்துக் கையெழுத்துப் போட்டது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றா சார்."