வெயிலுக்கு வந்த வேலை

வனமாலி வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்க இடம் போதவில்லை. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, மூலையில் சுருட்டிப் போட்டார்கள். கயிற்றுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நாலு நாள் முறுக்கிக்கொண்டு கிடந்துவிட்டு, மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

“ஏம்ப்பா, விடிஞ்சதுலேருந்து வெயில்ல காயறியே, எதுக்கு?”

“வெயிலைக் கரண்டாக்கிக் கீழே அனுப்புறேன். பூமியைக் காப்பாத்தணும் இல்லையா?” என்றது பேனல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“ரொம்ப நல்ல காரியம். அந்தக் கரண்டு கீழே போய் என்ன பண்ணுது?”

பேனல் கொஞ்சம் இழுத்தது. “மாடியில கொடி கட்ட இடமில்லையாம். அதனால மெஷின் ஒண்ணு வாங்கியிருக்காங்க. அதுக்குள்ள போய்த் துணி காயவைக்குது.”

கயிறு சிரித்த சிரிப்பில் சுருளெல்லாம் பிரிந்து, பழையபடி மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தது.