வரி கேக்குது

"அம்மா, வரி கேக்குது" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தாள் நதியா.

கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த வேல்விழி, கோயில் வரிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வாசலுக்கு ஓடினாள். வாசலில் யாரும் இல்லை. தெருமுனையில் திராட்சைப் பெட்டி ஏற்றிய வேன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

அம்மன் பொங்கலுக்கு அன்றுதான் அவர்கள் தெருவில் வசூல். புருஷன் உள்ள வீட்டுக்கு முழு வரி, புருஷன் இல்லாதவளுக்கு அரை வரி. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் போன வருடம் முதல்முறையாக அரை வரி கொடுத்தபோது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையை மட்டும்தான் நீட்டினாள்.

வேல்விழி அப்படி இல்லை. வாசல்படியில் இறங்கி நின்று, புருஷன் பேரைச் சுரேஷ்கண்ணன் என்று வசூலுக்கு வந்தவர்கள் சத்தமாக வாசிப்பதைக் கேட்ட பிறகுதான் பணத்தைக் கொடுப்பாள். அவன் அமெரிக்காவுக்குப் போனதிலிருந்து, ஓடைப்பட்டியில் அவன் பேர் சத்தமாகக் கேட்கிற ஒரே நாள் அது.

"யாருடி கேட்டா?"

"இதும்மா. கம்ப்யூட்டர்ல."

நதியா நல்ல மார்க் வாங்கியதற்கு ஒரு கேம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தான் சுரேஷ்கண்ணன். இணையத்தில் கேம் விற்கும் கடையில் அவனுடைய கணக்கில் நுழைந்து, பிடித்ததை அமுக்கினால் போதும். பணம் அவன் கார்டிலிருந்து போய்விடும். கேம் கம்ப்யூட்டரிலேயே வந்து இறங்கிவிடும்.

நதியா எடுத்திருந்தது ஒரு குதிரைப் பந்தயம். திரையில் அதன் விலைக்குக் கீழே, விற்பனை வரி என்று தனியாக ஒரு தொகை சேர்ந்திருந்தது.

"போன தடவ வாங்குறப்ப இது இல்லம்மா."

வேல்விழி தேனியில் ஒரு ஆடிட்டரிடம் வியாபாரிகளின் வரிக்கணக்கைத் தட்டச்சு செய்கிறவள். காரணம் தெரியாத வரியை அவளால் சும்மா விட முடியாது. ஆடிட்டர் பிச்சைமணிக்குப் போன் போட்டாள்.

"சார், டப்பா இல்ல, சிடி இல்ல, கம்பியில வர்ற கேமுக்கு எப்படி சார் வரி?"

"அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறம்மா. சில எடத்துல உண்டு, சில எடத்துல கெடையாது. கணக்குல எந்த விலாசம் இருக்கோ, அந்த ஊரு வரி விழும். ஒங்க வீட்டுக்காரரு குடி மாறியிருப்பாரு. சொல்லலையா?"

"மறந்திருப்பாக சார்."

"அவர்ட்ட கேளு. லீவு நாள்லகூட வரியக் கட்டிக்கிட்டு அழுவுற."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அந்தச் சிரிப்போடுதான் சுரேஷ்கண்ணனையும் கூப்பிட்டாள்.

"வீடு மாத்திட்டீகளா?"

"எங்கிட்டு மாத்த? அதே ரூமு, அதே நாலு பயலுக."

"ஊரு?"

"அதே ஊருதான். மாத்துனா ஒன்ட்ட சொல்லாமலா இருப்பேன், கிறுக்கி? சரி, வெளிய கெளம்பிக்கிட்டு இருக்கேன். வைக்கவா?"

வைத்துவிட்டான். ஆடிட்டருக்கே சில நேரம் சட்டம் தப்பும் என்று வேல்விழி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தேனியில் அவருக்குத் தப்பி அவள் பார்த்ததில்லை.

கணக்கில் இருக்கும் விலாசத்தை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிடலாம். விரல் அந்தப் பக்கம் போகவில்லை.

"அம்மா, அப்பா கணக்குல நான் வாங்காத ஒரு கேம் கெடக்கு. ஏபிசிடி படிக்கிற கேம். எனக்கா வாங்குனாக? நான் என்ன எல்கேஜியா?"

"பழசா இருக்கும்."

"இல்லம்மா, நேத்துக்கூட வெளாண்டிருக்காக. வெளாடுறவங்க பேரு ரெண்டு போட்டிருக்கு. ஒண்ணு டாடி. இன்னொண்ணு ரியா." நதியா திரும்பிப் பார்த்தாள். "ரியா யாரும்மா?"

நதியா அவனை ஒருநாளும் டாடி என்று கூப்பிட்டதில்லை. அப்பாதான்.

அழுகை வரும் என்று வேல்விழி காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல், கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, வாங்கவா வேணாமா?"

"வாங்கு."

"வரி?"

"வரியோட வாங்கு."

வாசலில் செருப்புச் சத்தம். இந்த முறை நிஜமாகவே வந்துவிட்டார்கள். சுருளி மாமா வசூல் நோட்டைப் பிரித்துப் பிடித்திருந்தார். பின்னால் பால்பாண்டி உண்டியல் பையோடு நின்றான்.

"அமெரிக்காக்காரன் வீடு" என்றார் மாமா பேனா மூடியைக் கழற்றியபடி. "ரெண்டு வரியாப் போட்டுருவமா ஆத்தா?"

பால்பாண்டி சிரித்தான். வேல்விழியும் சிரிப்பாள் என்று இருவரும் எதிர்பார்த்து நின்றார்கள்.

அவள் எப்போதும்போல் வாசல்படியில் இறங்கி நின்றாள். உள்ளே குதிரைகள் ஓடத் தொடங்கியிருந்தன. மாமாவின் பேனா 'சுரே' வரைக்கும் வந்திருந்தது.

"அரை வரி போடுங்க மாமா."