சரிவில் ஒரு சிவப்பு வீடு

குன்னூரின் தெருக்களும் சரிவுகளும் பேரிடர் அலுவலகக் கணினிக்குள் அச்சு அசலாக நின்றன. சசிரேகா அந்தக் கணினி ஊரில் அன்றிரவு வரப்போகும் கனமழையைப் பெய்யவிட்டாள். சரிவோரத்து வீடு ஒன்று மறுபடியும் அபாயச் சிவப்பாக மாறியது.

"அந்தச் செவப்ப எடுத்துருங்க மேடம்," என்றார் எதிரே நின்ற சிவகுரு. 'மேடம்' பல்லிடுக்கில் கடிபட்டு வந்தது.

"முடியாதுங்க."

"எத்தன மழை பாத்த ஊடு! இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல."

"மேல ரோட்டுக்கு மண்ண வெட்டிட்டாங்க. இனி தாங்காதுங்க."

"வாங்க வந்தவன் நெட்டுல இதப் பாத்துட்டு ஓடிட்டான். ஊட்ட வித்தாத்தான் பொண்ணுக்கு நகை, கல்யாணம் எல்லாம். தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டுமுங்க."

சிவகுருவின் முகம் சிவந்தது. பேச்சில் 'மேடம்' காணாமல் போனது. "எவ்வளவு லேசாச் சொல்லிட்ட!"

"வாங்கறவங்களும் கொழந்த குட்டியோடதான குடி வருவாங்க? அவங்கள மண்ணுக்கடியில தள்ளிட்டு எதுக்குங்க ஒரு கல்யாணம்?"

"மாப்பிள்ள ஊட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சசிரேகா தன் கைப்பேசியை எடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கல்யாணப் பொண்ணு நானே சொல்லிக்கறேன். நீங்க நேரா ஸ்கூல்ல போட்டிருக்கற மழை முகாமுக்குப் போங்கப்பா. அம்மாவ அங்க விட்டுட்டு, நம்ம ஊட்டப் பூட்டிட்டுத்தான் ஆபீசுக்கே வந்தேன்."