சடங்குக்கு வராத சேலை

"அவுத்து வெச்சிடு பாப்பா, சொன்னாக் கேளு..."

"மாட்டேன் மாமா, நீங்க என்ன சொன்னாலும்..."

"அது உனக்கு எடுத்ததில்லடி!"

"அப்ப யாருக்கு? எங்கம்மாவுக்கா? இதைக் கட்டிக்கிட்டு அவங்க எங்க போவாங்க, லோதி ரோட்ல பாத்திரம் தேய்க்கவா?"

செல்வராஜ் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். டெல்லி முனிர்காவின் அந்த ஒற்றை அறையில் கட்டிலும் பீரோவும் போக மிச்சமிருந்த இடத்தில் தாய்மாமனும் தங்கை மகளும் சண்டைச் சேவல் மாதிரி நின்றார்கள்.

கவிப்ரியா கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கொசுவத்தைச் செருகினாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்றைக்கு ஃபேர்வெல். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கேட்டை மூடிவிடுவார்கள்.

நோட்டீஸ் அவளுக்கு மனப்பாடம். பெண்களுக்குப் புடவை மட்டும். லெஹங்கா கூடாது. கையில்லாத ரவிக்கை கூடாது. முதுகு தெரியக் கூடாது, இடுப்பு தெரியக் கூடாது. கேட்டில் மேடம் ஒவ்வொருத்தியையும் ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் பார்ப்பாராம்.

பார்க்கட்டுமே. ரவிக்கைக்குப் பதிலாக அவள் போட்டிருந்தது கறுப்பு ஹைநெக் ஸ்வெட்டர். மணிக்கட்டு வரைக்கும் கை, தாடை வரைக்கும் கழுத்து. இடுப்பில் புடவைக்கு மேலே ஒரு கறுப்பு பெல்ட். ஒரு விதியும் மீறவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும். பிப்ரவரிக் குளிருக்கும் ஆச்சு.

புடவை ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. வாங்கித் தருகிறேன் என்ற அப்பா காமாலை வந்து படுத்துவிட்டார். மூன்று வாரமாக ஆஸ்பத்திரி. இரவல் தருகிறேன் என்ற, கூடப் படிக்கும் அனன்யா தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள்.

நேற்றுதான் சொல்லாமல் கொள்ளாமல் மாமா ஊரிலிருந்து வந்து இறங்கினார். வார்டு நர்ஸ் பிலோமினா போன் செய்தாராம். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவரத் துணைக்கு ஓர் ஆள் வேண்டுமே.

காலையில் மாமா குளிக்கப் போன நேரம், ஜிப் அறுந்த பையிலிருந்து அது எட்டிப் பார்த்தது.

புத்தம் புதுசு. மடிப்புக் கலையாத சாம்பல் நீலம், மெல்லிசாக ஒரு கரை. சிவப்பில்லை, பச்சையில்லை, மஞ்சளில்லை. ஊரில் இருந்துகொண்டு மாமாவுக்கு இவ்வளவு டேஸ்ட்டா!

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சேலை கொண்டுவர வேண்டும். மாமா வரவில்லை, ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லையாம். அம்மா நாலு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள். விட்டுப்போன சீர், இதோ, வந்து சேர்ந்துவிட்டது.

"சின்னப் பொண்ணுக்கு இந்தக் கலர் ஆகாது பாப்பா. வா, கடைக்குப் போலாம். நல்ல சிவப்பா, ஜரிகை வெச்சு..."

"சிவப்பா? நான் என்ன கல்யாணப் பொண்ணா? கடை பதினோரு மணிக்குத்தான் தொறப்பான் மாமா."

"அப்ப போகாத."

"போகாதயா?" அவள் குரல் உடைந்தது. "புது யூனிஃபார்ம் எடுத்தா காலர் முனையில மஞ்சள் தடவாம அம்மா குடுக்கவே மாட்டாங்க. சோப்புப் போட்டாலும் போகாது. கிளாஸ்ல எனக்கு ஹல்தின்னே பேரு. பன்னெண்டு வருஷம் அப்படியே போயிருக்கேன் மாமா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அழகா போகக் கூடாதா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மீசை வைத்த மனுஷன், ஒரு புடவைக்காகவா? இப்படியும் ஒரு கஞ்சத்தனம் உண்டா?

போன் அடித்தது. சந்து முனையில் ஈ-ரிக்‌ஷாவோடு அனன்யா. ஜல்தி, ஜல்தி.

"முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்." கவிப்ரியா குனிந்து செருப்பைத் தேடினாள். "அப்பாவுக்கு இதைக் காட்டணும்."

"ஐயோ, வேணாம்டி!"

எட்டி முந்தானையைப் பிடித்தார். தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ராஜாத்தி உள்ளே வந்தாள். இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப்போக வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருடி இது? எம் மவளா?"

"மாமா கொண்டாந்த சீரும்மா. கொண்டாந்துட்டுக் கட்டாதேங்கறார். நீயே கேளு."

அம்மா சிரித்தாள். அப்பாவைத் திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னபோதுகூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை.

"நாலு வருஷம் கழிச்சாவது உங்க மாமனுக்கு ஞாபகம் வந்துச்சே. திரும்பு, நான் குத்திவிடறேன்."

ஊக்கை எடுத்துக்கொண்டு முந்தானையைப் பிடித்தாள். புதுத் துணியைத் தொட்டால் அவள் விரல் தானாக முனைக்குத்தான் போகும்.

ஒரு முனையைப் பார்த்தாள். அடுத்த முனையைத் திருப்பிப் பார்த்தாள். எதற்கென்று தெரியாமல் கவிப்ரியா நிற்க, குனிந்து கீழ்முனையையும் இழுத்துப் பார்த்தாள்.

எதிலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

அம்மாவின் கை புடவையை விட்டுவிட்டு மெல்லத் தன் கழுத்துக்குப் போனது. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

சந்து முனையில் ரிக்‌ஷாக்காரன் ஹார்ன் அடித்தான். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோடிச் சேலையா அண்ணே? அந்த நர்ஸ் போன்ல என்ன சொன்னாங்க? நேத்து சாயந்தரம்கூட என் கையால ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரே?"