துத்தநாகத் தகடு

"கையை நீட்டுங்க மச்சான்" என்றாள் பொன்னுமணி.

தவசி மடியிலிருந்த ஏலக்காய் முறத்தை இறக்கி வைத்துவிட்டு வலது கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு தகடு வந்து அமர்ந்தது. தீப்பெட்டி அளவுதான். ஜில்லென்று இருந்தது.

மூன்று வருடமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் அவள் இப்படி ஒரு தகட்டோடு வருவாள். போடியில் பஸ்சை விட்டு இறங்கி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் இடம் பிடித்து, மழையில் பாதி நனைந்து மலையேறி வருவாள். வந்ததும் புருசன் கையில் தகட்டை வைப்பாள்.

ஒவ்வொரு தடவையும் தகடு அவன் விரலைக் குத்தும்.

சில தகடுகள் பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். சிலவற்றில் ஊசிகள் நெருஞ்சியாக நிமிர்ந்து நிற்கும்.

அந்த ஊசிகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவர்கள் இருவருக்கும் வேலையாக இருந்தது. ஒரே ஆராய்ச்சிக்கூடம், பக்கத்துப் பக்கத்து மேசை. துத்தநாக பேட்டரி மலிவு, சக்தியும் அதிகம். ஆனால் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் துத்தநாகம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக முளைக்கும். முளைத்த ஊசி எதிர்த்தகட்டைத் தொட்டால் பேட்டரி அத்தோடு தீர்ந்தது.

ஊசி முளைக்காத தகட்டைச் செய்துவிட்டால், போடியில் சார்ஜ் ஏற்றி ஜீப்பில் கொண்டுவந்து, கரண்டு எட்டிப் பார்க்காத அண்ணன் தோட்டத்துக் கூலிக்காரர் லயங்களிலெல்லாம் விளக்கு எரிய வைக்கலாம் என்று தவசி சொல்லிக்கொண்டே இருப்பான்.

எண்பதாம் வருடம் ஒரு மத்தியானம், அப்படி முளைத்த ஊசி ஒன்று எதிர்த்தகட்டைத் தொட்டது. பேட்டரி கொதித்து வெடித்தது. உள்ளே இருந்த காரத் திரவம் அவன் முகத்தில் தெறித்தது.

இரண்டு கண்ணும் போயின.

அண்ணன் பெரியகருப்பன் வந்து தம்பியை மலைக்குக் கூட்டிவந்தார். பொன்னுமணியும் வேலையை உதறிவிட்டுக் கூடவே கிளம்பினாள். தவசிதான் விடவில்லை. "ரெண்டு பேரும் விட்டுட்டு வந்தா எங்கண்ணு போனதுக்கு என்ன அர்த்தம்? நீ முடிச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பினான்.

அன்றிலிருந்து அவன் இங்கே உலர்த்தும் கூடத்தில் புகைக்கு நடுவே உட்கார்ந்து ஏலக்காயைத் தடவித் தடவிப் பருவட்டு வேறு, பொடி வேறு என்று பிரிக்கிறான். அவள் அங்கே ஒற்றை அறையில் ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கிறாள்.

தவசி கட்டைவிரலைத் தகட்டின் மேல் ஓட்டினான்.

குத்தவில்லை.

இன்னொரு தடவை, மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் ஓட்டினான். குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"ஊசி இல்லையே பொன்னு?"

"இல்ல மச்சான். முந்நூறு தடவை சார்ஜ் ஏத்தி எறக்கியாச்சு. ஒன்னுகூட முளைக்கல. நீங்க சொன்னீகள்ல, பிஸ்மத்தைச் சேத்துப் பாருன்னு, அதேதான்." அவள் குரல் ஒரு படி மேலேயே நின்றது. "போன சோலி முடிஞ்சுபோச்சு. வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே நான் இங்கனதான்."

தவசி வாய் திறந்து சிரித்தேவிட்டான். அந்தச் சந்தோசத்தில் தகட்டைப் புரட்டி, அதன் ஓரத்தை இறுக்கிப் பிடித்தான்.

சுருக்கென்றது. விரல் கிழிந்துவிட்டது.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

காரத்தில் துத்தநாகம் முதலில் கரைவது விளிம்பில்தான். ஐம்பது தடவை சார்ஜ் ஏறினாலே ஓரமெல்லாம் மழுங்கி, குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஊசி முளைத்தாலும் சரி, முளைக்காவிட்டாலும் சரி.

இந்த ஓரம் கத்திரியில் வெட்டிய கூர்மையோடு அப்படியே இருந்தது.

ஒரு தடவைகூடப் பேட்டரிக்குள் போகாத புதுத் தகடு.

முடிக்காமல் அவளாக வேலையை விட்டு வருகிறவள் இல்லை; ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. எப்போது நிறுத்தினார்கள்? போன மாதமா, போன வருடமா? எத்தனை நாள் இதை ஒருத்தியாகச் சுமந்தாளோ. கிளம்புகிற அன்று ஒரு புதுத் தகட்டை வெட்டி எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைப் பஸ்சில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்.

எதிரே அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"ஜெயிச்சுட்ட பொன்னு" என்றான் தவசி.

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். தகட்டைத் தரையில் நழுவவிட்டு, வலது கையை மூடி, முறத்து ஏலக்காய்க்குள் செருகிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், முறத்தைப் பார்த்தாள்.

"என்ன மச்சான், காயெல்லாம் ரத்தம்?"

"காலைல காயெடுக்கிற பக்கம் போனேன். ஏலச்செடி முள்ளு கிழிச்சுருச்சு."

ஏலச்செடிக்கு முள் கிடையாது. ராசிங்காபுரத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையிலிருந்து இந்த மலையில் காயெடுத்தவள் அவள்.

பொன்னுமணி அவன் கையைப் பிரித்து விரலைப் பார்த்தாள். தரையில் கிடந்த தகட்டைப் பார்த்தாள். பிறகு முந்தானை ஓரத்தைக் கிழித்து, விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"ஆமா மச்சான், இந்த வருசம் முள்ளு சாஸ்திதான்" என்றாள்.